'விடு' என்று சொல்லக்கூடாத வீடு

ரத்தம் எடுப்பதுதான் என் அக்காவின் வேலை. பரிசோதனைக் கூடத்தின் சார்பில் விடிந்தும் விடியாமலும் வீடு வீடாகப் போக வேண்டும். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் காத்திருக்கும் வயதானவர்களின் கையில் ஊசி குத்தி, குப்பியில் நிரப்பி, பெயர் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும். நரம்பே தெரியாத கைகளில்கூட விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கு எறும்பம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளுடைய உண்மையான பெயர் அந்த வீடுகளில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஊசி பிடித்த அந்தக் கை நடுங்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபோதுதான் பார்த்தேன். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு.

அதுவரை அவளுக்கு வண்டி ஓட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. மாமா இருந்தார். மாமா என்றால் அக்காவின் கணவர், லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவர். தினமும் காலை ஐந்தரைக்கு அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார், உள்ளே போகமாட்டார். ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். ஆறடி உயரம், இரும்பையே சுருள் சுருளாகச் சீவுகிற ஆள், மனைவியின் பெட்டியைக் கையில் வாங்கக்கூட யோசிப்பார். கடைசி வீடு முடிந்ததும் அவளைப் பரிசோதனைக் கூடத்தில் இறக்கிவிட்டுத் தன் பட்டறைக்குப் போவார். இப்படிப் பத்தொன்பது வருஷம். அக்கா ஒருபக்கமாகவே உட்கார்ந்து, மடியில் பெட்டியும் ஒரு கையில் பின்கம்பியுமாகப் போய் வந்தாள். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவையும் முன்னால் எட்டிப் பார்த்து ஸ்பீடோமீட்டர் என்ன காட்டுகிறது என்று கவனித்ததில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது. எவ்வளவு காலமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஊரார் ரத்தத்தையெல்லாம் எடுத்தவள் வீட்டு ரத்தத்தை எடுக்கவில்லை. "உன் ஊசியை என் பக்கம் கொண்டுவராதே" என்று அவர் சொல்லிவிடுவார், இவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அந்தச் சிரிப்பை நினைத்து அக்கா பின்னால் எத்தனை நாள் அழுதாள் என்பது எனக்குத் தெரியும். கண்ணில் புகை மாதிரி ஏதோ மறைக்கிறது என்று அவர் முதல்முதலாகச் சொன்னபோது காலம் கடந்துவிட்டிருந்தது. விழித்திரையில் ரத்தக் கசிவு. இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைத் திருப்ப முடியாது என்றார் கண் மருத்துவர்.

இருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஆனால் ஐந்தரை மணிக்கு வண்டி கிளம்புவது மட்டும் நிற்கவில்லை. இங்கேதான் எனக்கு இன்றும் அவர்கள் இரண்டு பேர்மீதும் கோபம் வருகிறது. அவர் ஓட்டுவார், அக்கா பின்னால் இருந்து பார்த்துச் சொல்வாள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது தோளில் ஒரு தட்டு. இடம் என்றால் இடது தோளில். நிறுத்த வேண்டுமென்றால் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். "லாரி வருது, ஓரமா போங்க." "முன்னாடி பள்ளம்." "செவப்பு விழுந்துடுச்சு." வழியில் பார்க்கிறவர்களுக்கு, இந்த வயதிலும் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொண்டே போகிறார்கள் என்று தோன்றியிருக்கும். நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் ஒருத்தி என்னிடமே சொல்லிப் பெருமூச்சு விட்டாள். நானும் அசடு மாதிரி ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆறு மாதம் அப்படி ஓட்டியிருக்கிறார்கள். ஒரு மழைக்காலக் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், நின்றிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து மஞ்சள் குடை பிடித்த ஒரு சின்னப் பெண் சாலைக்கு வந்துவிட்டாள். அக்கா பார்த்துவிட்டாள். ஆனால் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கை அவர் முதுகில்தான் இருந்தது, அழுத்தத் தோன்றவில்லை. வண்டியின் கண்ணாடி குடையில் மாட்டி, குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அக்கா திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் குடை பிடித்த கையை அப்படியே தூக்கிக்கொண்டு மழையில் நின்றிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

மாமா வண்டியை நிறுத்தவில்லை. "என்ன சத்தம்?" என்று மட்டும் கேட்டார்.

பரிசோதனைக் கூடத்து வாசலில் இறங்கிய பிறகுதான் அக்கா நடந்ததைச் சொன்னாள். மாமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு உயரம் இருக்கும் அந்தப் புள்ள?" என்று கேட்டார். அக்கா தன் இடுப்பளவு கையை வைத்துக் காட்டினாள். பிறகு அவருக்கு அது தெரியாது என்று உறைத்து, அவர் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்து, "இவ்வளவு" என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அந்தச் சாவியை அக்கா ஐஸ் பெட்டியின் அடியில் போட்டுவைத்தாள். ஊசியும் அதற்குள்தான் இருக்கும், அதனால் மாமா அதைத் திறக்கமாட்டார் என்ற தைரியம். நடந்தே வேலைக்குப் போனாள். அந்த நேரத்துக்கு எங்கள் பகுதியில் பேருந்து கிடையாது. நானும் ஆறு மணிக்கெல்லாம் தபால் மூட்டை பிரிக்கப் போயாக வேண்டும் என்பதால், விடுமுறை நாளில் மட்டும் என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். ஏழு மணிக்குப் போக வேண்டிய வீட்டுக்கு எட்டே முக்காலுக்குப் போனாள். கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார், வெறும் வயிற்றில் காத்திருந்து காத்திருந்து நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்துவிட்டார். பரிசோதனைக் கூடத்து முதலாளியம்மா கோபக்காரி இல்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் ஒரு வழி செய்யாவிட்டால் காலைச் சுற்றை வண்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் மாமாவின் காதுக்குப் போனது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, "மெதுவா போலாம். நீ பாத்துச் சொன்னா போதும். சாவியைக் குடு" என்று ஆரம்பித்துவிட்டார். குடையை மறந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றித் தூக்கத்தில்கூடப் பேசினார். ஆனால் மனைவி இருட்டில் நடந்து போவதை அவரால் சகிக்க முடியவில்லை. பட்டறையில் வேலை போய்விட்டது, அவளைக் கொண்டுபோய் விடுவது ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்த வேலை. நாளைக்கே அவர் கைக்குச் சாவி போனால், அடுத்த தடவை குடையோடு நிற்காது. இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சாவி உங்களுக்குக் கிடையாது. நானே ஓட்டறேன்" என்றாள் அக்கா. 

முதலில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. இரண்டாம் நாளே, "நீ போடி, உன்கிட்ட கத்துக்கறதுக்கு நடந்தே போயிடலாம்" என்று துரத்திவிட்டாள். பிறகு மாமா சொல்லிக்கொடுத்தார். பூட்டிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் சிமென்ட் தரை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விடுவேன். அக்கா என்னுடைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, அதன் இடுப்பைச் சேப்டி பின்னால் இறுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். மாமா நடுவில் நிற்பார். அவர் கண்ணுக்கு வண்டி தெரியாது, சத்தம் கேட்கும். இருபத்தைந்து வருஷம் லேத்தின் சத்தத்தை வைத்தே இரும்பின் ஆழத்தை அளந்த காது. "கிளச்சைப் பட்டுனு எடுக்கறே." "இப்ப கியர் மாத்து. இஞ்சின் கெஞ்சுது பாரு." அவரைச் சுற்றி அக்கா வட்டமடிக்க, அவர் முகமும் கூடவே திரும்பிக்கொண்டே இருக்கும்.

அக்காவின் கஷ்டம் ஒன்றுதான். பயந்தால் கையை இறுக்குவாள். பத்தொன்பது வருஷமாகப் பயத்துக்குப் பின்கம்பியை இறுக்கிப் பழகிய கை. முன்னால் உட்கார்ந்தவளுக்கு இறுக்கிப் பிடிக்கக் கிடைத்தது ஆக்சிலேட்டர். இறுக்க இறுக்க வண்டி பாயும், பாயப் பாயப் பயம் கூடும், கூடக் கூட இன்னும் இறுக்குவாள்.

மூன்றாவது ஞாயிறு. கிளம்பவே பயந்து நின்றவளை மாமா தைரியப்படுத்திக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆகாது. வண்டியை விடு. நல்லா விடு. நான் இருக்கேன்ல, விடு." அக்கா விட்டாள். பாதி வட்டம் நன்றாகத்தான் வந்தது. திருப்பத்தில் சுவரைப் பார்த்ததும் கை இறுகியது. இஞ்சின் அலறியது. அந்த அலறலைக் கேட்டதும் மாமாவுக்குப் புரிந்துவிட்டது, ஆக்சிலேட்டரை விடச் சொல்லிக் கத்தினார்.

"விடு! விடு! விடு!"

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அதே ஆள் அதே வார்த்தையைத்தான் ஓட்டச் சொல்லிச் சொன்னார். இவளும் புருஷன் பேச்சைத் தட்டாதவள் இல்லையா, முழுசாக முறுக்கிவிட்டாள்.

சுவரோரம் அடுக்கியிருந்த காலி டிரம்களுக்குள் வண்டி புகுந்தது. அக்காவுக்கு இடது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது, சைலன்சர் பட்டுக் கெண்டைக்கால் வெந்தது. அவ்வளவுதான். அதைவிட எனக்கு மறக்காதது மாமா ஓடியதுதான். டிரம்கள் உருளும் சத்தத்தை நோக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, அந்த உயரமான மனுஷன் கண் தெரியாமல் ஓடினார். உருண்டு வந்த டிரம்மில் தடுக்கி விழுந்து புருவம் கிழிந்தது. ரத்தம் முகமெல்லாம் வழிய, தரையைத் தடவிக்கொண்டே, "எங்கே இருக்கே, எங்கே இருக்கே" என்று கேட்டார். நான் சிலை மாதிரி நின்றேன். அக்காதான் டிரம்களுக்குள்ளிருந்து, "இங்கேதான் இருக்கேன், ஓடாதீங்க" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு அக்கா வண்டியைத் தொடவில்லை. தனக்கு அடிபட்டதற்காக இல்லை, அவர் ஓடியதற்காக.

வீட்டில் 'விடு' என்ற வார்த்தை நின்றுபோனது. யாரும் சட்டம் போடவில்லை, தானாகவே நின்றுபோனது. அதில்லாமல் ஒரு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். சண்டையில் 'சரி விடு' என்று முடிக்க முடியாது. நான் ஒருமுறை தெரியாமல் "மாமா, கதவைத் தெறந்து விடுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதிலுக்கு வேறொரு வார்த்தை அந்த வீட்டுக்கு வந்தது. மாமா இப்போது மாதத்துக்கொரு தடவை ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருந்தார். நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நெற்றியில் வேர்வையோடு உட்கார்ந்திருப்பார். அக்கா எல்லா நோயாளிகளிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொல்வாள். "கையை மூடுங்க." குத்துவாள். "இப்ப தெறங்க." ஒரு நாள் ஊசி கையில் இருக்கும்போதே அவர் சொன்னார்: "இதைச் சொல்லியிருக்கணும் அன்னிக்கு. 'கையைத் தெற'னு சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பே." அக்கா பஞ்சை வைத்து அழுத்தினாள்.

மூன்று வாரம் போனது. முதலாளியம்மா சொன்ன கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது. நான்காவது வாரத்தில் ஒரு காலை, அக்கா குப்பிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சாவி பெட்டியின் அடியில்தான் இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெளியே ஓடினாள். மாமா வண்டியில் உட்கார்ந்திருந்தார். வேறொரு சாவி. பழைய சாவியின் நகல் ஒன்றை எப்போதோ விரலால் தடவித் தடவியே அரம் போட்டுச் செய்து வைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

"ஏறு. நேரமாச்சு" என்றார். தலைவாரி, சட்டையை மாட்டி, பழைய நாட்களில் எப்படிக் கிளம்புவாரோ அப்படியே தயாராக இருந்தார். வண்டியின் விளக்கு எதிர்வீட்டுச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்து நிறுத்தியிருப்பதாக நினைத்து, சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தார். சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நான்கடிதான். அவர் மட்டும் நிமிர்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தார்.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். அக்கா கத்தவில்லை. சுவர் என்றும் சொல்லவில்லை. ஊசிக்குப் பயந்த நோயாளியிடம் பேசும் குரலில், "பின்னாடி நகர்ந்து உக்காருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"உக்காருங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

 அவர் இரண்டு கையாலும் சீட்டைத் தடவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அக்கா பெட்டியை அவர் மடியில் வைத்தாள். ஊசிப் பெட்டியை அவர் யோசிக்காமல் இடுக்கிக்கொண்டார். அவள் முன்னால் ஏறி, காலால் உந்தி உந்தி வண்டியைச் சுவரிலிருந்து பின்னுக்கு எடுத்து, முழுசாகத் திருப்பினாள். வண்டி எவ்வளவு திரும்பியது என்பது பின்னால் உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? எந்தப் பக்கம் பார்த்துக் கிளம்ப இருந்தோம் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்கும்.  அக்காவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

அக்கா முதல் கியரில் வெளியே வந்தாள், இரண்டாவது கியரில் தெருமுனையைத் தாண்டினாள். கை இறுகியபோதெல்லாம் காதுக்குப் பின்னாலிருந்து, "தெற... தெற..." என்று குரல் வந்தது. நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, அவள் கைக்குப் புரிந்தது. கணக்கு வாத்தியார் வீட்டுக்கு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்று அழுதுவிட்டு, முகம் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் அவர்கள் பின்னாலேயே போனேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை, பயம்தான். மூன்றாம் நாள் மாலை அக்கா சட்டை மாற்றும்போது பார்த்தேன். இரண்டு தோளிலும் விரல் விரலாக நீலம் பாய்ந்திருந்தது.

"யாரு அக்கா அடிச்சது?" என்றேன்.

"யாரும் அடிக்கலடி. உங்க மாமா பிடிச்சுக்கிட்டு வர்றார்" என்று சிரித்தாள். "பின்னாடி உக்காந்தா பயமா இருக்குமாம். சொல்லமாட்டார், விரல் சொல்லுது. நீ எதையாவது கேட்டுத் தொலைக்காதே."

கேட்காமல் இருக்க என்னால் முடியுமா? மறுநாள் காலை ரயில்வே கேட் போட்டிருந்தது. எல்லாரும் இஞ்சினை அணைத்துவிட்டு நின்றார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினேன். அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "மாமா, கொஞ்சம் மெதுவா பிடிங்க. அக்கா தோளைப் பாருங்க, எப்படிக் கன்னிப்போயிருக்குனு." 'பாருங்க' என்று சொன்ன பிறகு உடம்பெல்லாம் கூசியது.

மாமா கோபப்படவில்லை. அவர் விரல்கள் அக்காவின் தோளில் மெல்ல நகர்ந்தன, கன்றிய இடங்களைத் தேடுகிற மாதிரி.  தூரத்தில் ரயிலின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"பின்னாடி உக்காந்தா ஒண்ணுமே நம்ம கையில இல்ல" என்றார். பிறகு, "நீயும் இப்படித்தான் உக்காந்திருந்தியா? பத்தொம்பது வருஷமும்?"

அக்கா முன்னால் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டதை நான் பார்த்தேன், அவரால் பார்க்க முடியவில்லை.

"விடுங்க" என்றாள்.

போகட்டும் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னாள். இத்தனை நாளுக்குப் பிறகு அந்த வார்த்தை அவள் வாயில் தானாக வந்துவிட்டது. ஆனால் மாமா சட்டென்று அவள் தோளிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். எடுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தப்புச் செய்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ரயில் கடந்து போயிற்று. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அக்கா கையைப் பின்னால் நீட்டி, அவருடைய வலது கையை எடுத்து, நீலம் பாய்ந்த இடத்திலேயே திரும்ப வைத்துக்கொண்டாள். பிறகு இடது கையையும் எடுத்து வைத்துக்கொண்டாள். கேட் முழுசாகத் திறந்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினாள்.